லேப்டாப் ஹார்டு டிஸ்க் மாற்றப் போகிறீர்களா? கொள்ளளவா, வேகமா: முழுமையான வழிகாட்டி

"அண்ணே, 500 ஜிபியை எடுத்துட்டு 1 டிபி போட்டா ஸ்பீடு ஆயிரும்லா?" நாகர்கோவிலில் லேப்டாப் வேலை பார்க்கும் எனக்கு வாரம் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வரும். ஆகாது. இடம் கூடும், வேகம் அப்படியேதான் இருக்கும். வேகத்துக்கு ஒரு செலவு, இடத்துக்கு வேறொரு செலவு. உங்களுக்கு எது தேவை என்பதைக் கடைக்குப் போய் யோசிக்கக் கூடாது. வீட்டில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் டிஸ்க்கை வாங்கிவிடுகிறார்கள். பிறகுதான் அது பொருந்துமா, போதுமா என்று பார்க்கிறார்கள். வரிசை மாறினால் பணம் போகும், சில சமயம் ஃபைல்களும் போகும். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. முதலில் பழைய டிஸ்க்கின் உடல்நிலை

வேகம், கொள்ளளவு என்ற பேச்சே இதற்குப் பிறகுதான். சாகக் கிடக்கும் டிஸ்க்கும் மெதுவாகத்தான் ஓடும். அதை வெறும் வேகக் குறை என்று நினைத்துப் பத்து நாள் தள்ளிப்போட்டால், பதினோராம் நாள் எடுக்க ஒன்றும் இருக்காது.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவித் திறவுங்கள். நீலத்தில் குட் என்று காட்டினாலும், கீழேயுள்ள பட்டியலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சேமிப்புக் கட்டங்கள்). சி5 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை. சி6 என்பது சோதித்தும் சரிசெய்ய முடியாதவை. மூன்றிலும் கடைசியில் உள்ள ரா வேல்யூ பூஜ்யமாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

சி5 பூஜ்யம் இல்லையென்றால் வேறு எதையும் செய்யாமல் முக்கியமான ஃபைல்களை மட்டும் உடனே வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். குளோன், அதாவது முழு டிஸ்க்கையும் அப்படியே இன்னொன்றுக்கு நகலெடுப்பது, வேண்டாம். தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீடியோக்காரர் கொண்டுவந்த டிஸ்க்கில் சி5 ஏறியிருந்தது. நேரம் மிச்சமாகட்டும் என்று நேராகக் குளோன் போட்டேன். பாதியில் டிஸ்க்கைப் படிக்கும் தலை 'டிக், டிக்' என்று அடிக்கும் சத்தம் வந்தது. அதன் பிறகு அந்த டிஸ்க் எழுந்திருக்கவில்லை. ஃபோட்டோ ஃபோல்டரை முதலில் எடுத்திருந்தால் இருபது நிமிட வேலை. குளோன் என்பது வேண்டியது, வேண்டாதது என்று பார்க்காமல் எல்லா ஃபைலையும் படிக்கும். தேவையே இல்லாத ஃபைல் இருக்கும் கெட்ட செக்டரிலும் போய் முட்டி நிற்கும். பலவீனமான டிஸ்க்கால் அதைத் தாங்க முடியாது.

2. குறை வேகத்திலா, இடத்திலா?

லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டு, டெஸ்க்டாப் வந்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறவுங்கள். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்பதைச் சொடுக்கி, பத்து நிமிடம் உங்கள் வழக்கமான வேலையைச் செய்துகொண்டே கவனியுங்கள்.

ஆக்டிவ் டைம் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு 1 அல்லது 2 எம்பிதான் என்றால், குறை வேகத்தில். டிஸ்க் மூச்சுமுட்ட ஓடுகிறது, ஆனாலும் கைக்கு வருவது கொஞ்சம்தான். இந்த நிலையில் எத்தனை டிபி சுழலும் டிஸ்க் (தட்டு சுற்றும் வழக்கமான ஹார்டு டிஸ்க்) போட்டாலும் மாற்றம் தெரியாது.

ஆக்டிவ் டைம் சாதாரணமாக இருக்கிறது, ஆனால் சி டிரைவின் பட்டை சிவப்பாகி நிற்கிறது, அப்டேட் இடமில்லை என்கிறது என்றால், குறை இடத்தில்.

மூன்றாவதாக ஒன்றுண்டு. அதே பக்கத்தில் மெமரியைப் பாருங்கள். 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்ததுமே 90 சதவீதம் தாண்டினால், ரேம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கையே ரேமாகப் பயன்படுத்துகிறது. டிஸ்க் ஓயாமல் ஓடுவதற்கு அதுவும் காரணம். 8 ஜிபிக்கு உயர்த்த வழியிருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. தினம் தொடுவது எவ்வளவு, சும்மா கிடப்பது எவ்வளவு

முழுத் தீர்மானமும் இந்தப் படியில்தான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான்.

விண்டிர்ஸ்டாட் போன்ற ஒரு மென்பொருளால் டிஸ்க்கை அலசினால், எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கட்டம் கட்டமாகக் காட்டும். ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம், போன மாதம் திறந்தவை. வலது பக்கம், பத்திரமாக இருக்க வேண்டும் ஆனால் திறப்பது அபூர்வம் என்பவை.

எழுதிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 400 ஜிபி நிரம்பிய டிஸ்க்கில் விண்டோஸும் மென்பொருள்களும் படிப்புக் கோப்புகளும் சேர்ந்து 90 ஜிபிக்குள் அடங்கிவிடும். மீதி எல்லாம் கோயில் கொடை வீடியோ, சர்ச் திருவிழா வீடியோ, வளைகுடாவில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பிய ஃபோட்டோக்களின் மூன்று நகல், பார்த்து முடித்த படங்கள்.

இடது பக்கத்துக்கு வேகம் வேண்டும், வலது பக்கத்துக்கு இடம் வேண்டும். இரண்டையும் ஒரே டிஸ்க்கில் திணிக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. வலது பக்கம் வெளி டிஸ்க்குக்குப் போகலாம் என்றால், உள்ளே போடுவது சின்னதாகவும் வேகமாகவும் இருந்தால் போதும்.

4. சுழலும் டிஸ்க் ஏன் திணறுகிறது

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பி ஏமாறாமல் இருக்க இந்தச் சின்னக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5400 சுற்று) டிஸ்க் நொடிக்கு 90 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். தலை அந்தத் தடத்துக்கு நகர ஏறக்குறைய 12 மில்லிசெகண்ட். இரண்டையும் கூட்டினால் நொடிக்கு அறுபது இடத்தைக்கூட எட்டாது. விண்டோஸ் எழும்போது தேடுவது ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை. ஒரு துண்டு 4 கேபி என்று வைத்தால், நொடிக்குக் கிடைப்பது 240 கேபிக்கும் குறைவு. டாஸ்க் மேனேஜரில் நீங்கள் பார்த்த அந்த அற்ப எண்ணுக்கு இதுதான் காரணம்.

7200 ஆர்பிஎம் டிஸ்க்கில் அரைச் சுற்று 4.2 மில்லிசெகண்டாகக் குறையும். மிச்சம் ஒன்றரை மில்லிசெகண்ட்டுக்குக் கீழேதான். அதற்கு விலையாகச் சூடும் கூடும், பேட்டரியும் கொஞ்சம் தின்னும். வேகத்துக்காக 7200 வாங்குவதை இன்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

எஸ்எஸ்டி என்பது மெமரி சிப்பில் சேமிக்கும் டிஸ்க். அதில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஓர் இடத்தை எட்ட ஏறக்குறைய 0.1 மில்லிசெகண்ட். பழைய லேப்டாப் புதிதாகத் தோன்றுவது இதனால்தான். நொடிக்கு 550 எம்பி என்று பெட்டியில் எழுதியிருப்பதால் அல்ல.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. குலசேகரம், அருமனைப் பக்கமிருந்து பிள்ளைகள் லேப்டாப்பை அணைக்காமல் மூடி மட்டும் வைத்து, பையில் போட்டு பைக்கில் கிளம்பிவிடுகிறார்கள். டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கும்போது குழியில் விழும் ஒரு குலுக்கல் போதும், தலை தட்டில் உரச. எஸ்எஸ்டிக்கு அந்தப் பயம் இல்லை.

5. உங்கள் லேப்டாப் எதை ஏற்கும்?

மாடல் எண்ணைப் பின்பக்க ஸ்டிக்கரிலிருந்து எழுதி, தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

முதலாவது, 2.5 அங்குல சாட்டா (வழக்கமான டிஸ்க் இணைப்பு வகை) இடம் இருக்கிறதா, அதன் உயரம் 7 மில்லிமீட்டரா 9.5 மில்லிமீட்டரா? 7 மில்லிமீட்டர் இடத்தில் 9.5 நுழையாது. 4, 5 டிபி 2.5 அங்குல ஹார்டு டிஸ்க்குகள் 15 மில்லிமீட்டர் தடிமன் என்பதால் லேப்டாப்புக்குள் போகவே போகாது. சாட்டா எஸ்எஸ்டி பொதுவாக 7 மில்லிமீட்டர்தான், ஆகவே இரண்டிலும் பொருந்தும்.

இரண்டாவது, எம்.2 (சிறிய அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான) இடம் இருக்கிறதா? இருந்தால் அது சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இ இணைப்பா? இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சில லேப்டாப்பில் அந்த இடம் சாட்டாவை மட்டும் ஏற்கும். அங்கே என்விஎம்இ போட்டால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை செட்டிங்ஸ் திரையில்) பெயரே வராது. அட்டையின் முனையில் உள்ள வெட்டின் எண்ணிக்கையைப் பார்த்து ஊகிக்க வேண்டாம், மேனுவலைப் பாருங்கள். நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 2280 என்றால் 80 மில்லிமீட்டர், 2242 என்றால் 42. வைஃபை அட்டை இருக்கும் இடத்தை எம்.2 எஸ்எஸ்டி இடம் என்று நினைத்து வாங்கி வந்தவர்களும் உண்டு.

மூன்றாவது, டிவிடி டிரைவ் இருக்கிறதா? இருந்தால் அதைக் கழற்றி கேடி என்ற சட்டத்தில் பழைய ஹார்டு டிஸ்க்கை மாட்டலாம். கேடியிலும் 9.5, 12.7 என்று இரண்டு தடிமன் உண்டு, டிவிடி டிரைவை அளந்துவிட்டே வாங்குங்கள்.

2010 வாக்கில் வந்த லேப்டாப்புகளில் சாட்டா வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட் வரைதான் போகும். அதில் எந்த எஸ்எஸ்டி போட்டாலும் நொடிக்கு 300 எம்பிக்கு மேல் வராது. கவலை வேண்டாம், சிறு துண்டுகளைத் தேடும் வேகம் அதற்கு வெகு கீழேதான் இருக்கும். விலை கூடிய எஸ்எஸ்டியை அதில் போடுவதுதான் வீண்.

6. இப்போது தீர்மானம்

தாளில் இடது பக்கம் 100 ஜிபிக்குள் என்றால் 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். ஆனாலும் பை இடம் கொடுத்தால் 512 ஜிபியே என் பரிந்துரை. கொள்ளளவு இரண்டு மடங்கு ஆனாலும் விலை இரண்டு மடங்கு ஆவதில்லை. இடம் நிறைய இருந்தால் எஸ்எஸ்டியும் நீண்ட நாள் உழைக்கும். எஸ்எஸ்டியை விளிம்பு வரை நிரப்பினால் எழுதும் வேகம் விழும். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விடுங்கள்.

அரசு தந்த லேப்டாப்போடு கல்லூரி போகும் பிள்ளைக்கு: 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, மிச்சப் பணத்தில் ரேம்.

தோவாளையிலோ கோட்டாறிலோ கடைக் கணக்கு பார்ப்பவருக்கு: பல வருடக் கணக்கும் சில ஜிபிக்குள் அடங்கும். சிறிய எஸ்எஸ்டி போதும். அவருக்கு வேகத்தைவிடத் தினசரி பேக்கப்தான் முக்கியம். எஸ்எஸ்டி சாகும்போது முன்கூட்டிச் சத்தம் போடாது, ஒரு காலையில் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும்.

கல்யாண வீடியோ எடிட் செய்பவருக்குத்தான் உண்மையான இழுபறி. நடப்பு வேலையின் கிளிப்புகள் எஸ்எஸ்டியில், முடிந்த வேலைகள் சுழலும் டிஸ்க்கில். இரண்டு இடம் உள்ள லேப்டாப்பில் 512 ஜிபி அல்லது 1 டிபி எஸ்எஸ்டி, கூடவே கேடியில் பழைய டிஸ்க். ஒரே இடம்தான் என்றால் 1 டிபி எஸ்எஸ்டி, வெளியே இரண்டு யுஎஸ்பி டிஸ்க். இரண்டு எதற்கு என்றால், முடிந்த வேலைக்கும் இரண்டு நகல் வேண்டும்.

உள்ளேயே பெரிய சுழலும் டிஸ்க்தான் வேண்டும் என்று யாருக்குச் சொல்வேன்? விண்டோஸ் ஏற்கெனவே எம்.2 எஸ்எஸ்டியில் இருந்து, 2.5 அங்குல இடம் காலியாக இருப்பவருக்கு மட்டும். அப்போது அது வெறும் கிடங்கு, அங்கே வேகம் பெரிதில்லை.

7. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பெட்டியில் 256 என்றிருப்பது விண்டோஸில் 238 என்று காட்டும். 512 என்பது 476, 1 டிபி என்பது 931. யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் பெருக்கத்தில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024இன் பெருக்கத்தில் எண்ணுகிறது. உங்கள் கணக்கை விண்டோஸ் எண்ணில் போடுங்கள்.

டிபிடபிள்யூ என்ற எண்ணைப் பாருங்கள். உத்தரவாதத்துக்குள் எத்தனை டிபி எழுதலாம் என்று அது சொல்லும். சாம்சங் 870 எவோ 500 ஜிபிக்கு 300, 1 டிபிக்கு 600. நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் 300 தீர நாற்பது வருடம் ஆகும். ஆகவே தேய்ந்து போகுமோ என்று பயந்து எஸ்எஸ்டியைத் தவிர்க்க வேண்டாம். க்யூஎல்சி என்ற மெமரி வகையை மட்டும் வீடியோ வேலைக்குத் தவிருங்கள். பெரிய ஃபைல் எழுதும்போது கேஷ் (வேகமான தற்காலிக இடம்) நிரம்பியதும் வேகம் பாதாளத்துக்குப் போகும். டிஎல்சி என்று எழுதியிருப்பதை எடுங்கள்.

நம்ப முடியாத விலைக்கு 2 டிபி எஸ்எஸ்டி என்று வருபவை பெரும்பாலும் போலி. உள்ளே கொஞ்சம் மெமரிதான் இருக்கும், கொள்ளளவு மட்டும் பொய் சொல்லும். வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளைப் போட்டு முழுவதும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். பில் கையில் இருக்கும்போதுதான் திருப்பிக் கொடுக்க முடியும்.

8. கை வைக்குமுன்

முக்கியமான ஃபைல்களின் தனி நகல், வெளி டிஸ்க்கில். குளோன் செய்யப் போகிறோமே என்று இதை விடாதீர்கள். குளோனில் மூல டிஸ்க்கையும் இலக்கு டிஸ்க்கையும் மாற்றித் தேர்ந்தெடுத்தால், காலி டிஸ்க் உங்கள் டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும்.

டிஸ்க்குக்குப் பூட்டுப் போடும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஓடுகிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். ஓடினால் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிவைத்து, அதை அணைத்து, முழுதும் விலகும்வரை காத்திருங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணையுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதி உறக்கத்தில் நிற்கும், குளோனிங் மென்பொருள் விண்டோஸ் இருக்கும் பிரிவை (பார்ட்டிஷனை) தொட மறுக்கும்.

பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். பேட்டரி செத்த லேப்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். சித்திரை, ஐப்பசி சாயங்கால இடிமழை நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

9. குளோனா, புது இன்ஸ்டாலா?

பழைய விண்டோஸ் நன்றாக இருந்து, மென்பொருள்களை மறுபடி நிறுவுவது கஷ்டம் என்றால் குளோன். குப்பை சேர்ந்து, வைரஸ் வந்து போன லேப்டாப் என்றால் புது இன்ஸ்டால். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10, 11இன் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு ஒட்டியது. அதே பதிப்பைப் போட்டால், டிஸ்க் மாறினாலும் இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

500 ஜிபியிலிருந்து 256 ஜிபிக்குக் குளோன் செய்பவர்கள் முட்டி நிற்கும் இடம் ஒன்றுண்டு. குளோன்ஜில்லா போன்ற குளோன் மென்பொருள்கள் இயல்பாக மூலத்துக்குச் சமமான அல்லது பெரிய டிஸ்க்கைத்தான் கேட்கும். உள்ளே 90 ஜிபிதான் இருக்கிறது என்பது அதற்குப் போதாது. வலது பக்க ஃபைல்களை முதலில் வெளியேற்றி, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பிரிவைச் சுருக்க வேண்டும். நகர்த்த முடியாத ஃபைல் நடுவில் இருந்தால் அதுவும் ஓரளவுக்கு மேல் சுருங்காது. அங்கே மல்லுக்கட்டாமல் புது இன்ஸ்டாலுக்குப் போய்விடுங்கள்.

நேரக் கணக்கு: 200 ஜிபி குளோன், யுஎஸ்பி 2.0 வழியாக ஒன்றே முக்கால் மணி நேரம் எடுக்கும். யுஎஸ்பி 3.0 என்றால் முக்கால் மணிக்குள் முடியும்.

10. கழற்றி மாட்டுதல்

அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்துங்கள். பேட்டரி கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். உள்ளே பேட்டரி இருக்கும் மாடல் என்றால் மூடியைத் திறந்ததும் முதல் வேலை அதன் கனெக்டரை எடுப்பது.

திருகுகளின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் படம் வரைந்து, எடுத்த இடத்திலேயே செல்லோடேப்பால் ஒட்டிவிடுங்கள். நீளத் திருகை குட்டை இடத்தில் போட்டு முறுக்கினால் மேலே கீபோர்டுப் பக்கம் முளைக்கும்.

சில மாடல்களில் டிஸ்க்குக்குப் போவது காகிதம் போன்ற பட்டைக் கேபிள். அதன் பூட்டு கறுப்பாகவோ வெள்ளையாகவோ நகக்கண் அளவில் இருக்கும். அதை நிமிர்த்திய பிறகே கேபிளை இழுக்க வேண்டும். பூட்டோடு இழுத்தால் உடைவது மதர்போர்டுப் பக்கம்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரை ஊர் லேப்டாப் என்றால் கனெக்டரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தங்க நிறப் பற்களின் ஓரத்தில் மங்கலான பச்சைப் பூச்சு இருந்தால் உப்புக் காற்று வேலை காட்டியிருக்கிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைத்து, உலரவிட்டு மாட்டுங்கள். புது எஸ்எஸ்டி அடிக்கடி காணாமல் போகிறது என்று திரும்பி வந்த லேப்டாப்பில், குற்றவாளி இந்தப் பச்சைதான்.

11. மாட்டிய பின்

முதல் தடவை புது டிஸ்க் மட்டும் உள்ளே இருக்க லேப்டாப்பைப் போடுங்கள். பழையதும் கூடவே இருந்தால் இரண்டுக்கும் ஒரே அடையாளம், விண்டோஸ் குழம்பும். பயாஸில் டிஸ்க் பெயர் வருகிறதா என்று பாருங்கள். சாட்டா மோடை, அது ஏஹெச்சிஐயாக இருந்தாலும் ரெய்டாக இருந்தாலும், குளோன் செய்தவர்கள் மாற்ற வேண்டாம். மாற்றினால் நீலத் திரைதான்.

விண்டோஸ் வந்ததும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் காலி இடம் பிரிக்கப்படாமல் கிடக்கிறதா என்று பாருங்கள். பெரிய டிஸ்க்குக்குக் குளோன் செய்தால், நடுவே ரெகவரி பிரிவு உட்கார்ந்து சி டிரைவை நீட்ட விடாது. பார்ட்டிஷன் மென்பொருளால் அதைக் கடைசிக்கு நகர்த்தி நீட்டலாம். எஸ்எஸ்டிக்கு டிஃப்ராக் மென்பொருள் எதுவும் நிறுவாதீர்கள். வேண்டியதை விண்டோஸே செய்துகொள்ளும்.

12. பழைய டிஸ்க்

அன்றைக்கே ஃபார்மட் செய்யாதீர்கள். ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். மறந்த ஃபோல்டர் ஒன்று நிச்சயம் நினைவுக்கு வரும். டிஸ்க்கின் மேல் பெயிண்டர் டேப்பில் கழற்றிய தேதியையும் சி5 எண்ணையும் எழுதி ஒட்டுங்கள்.

சி5 பூஜ்யம் என்றால், அந்த மாதம் கழிந்ததும் யுஎஸ்பி கேஸில் போட்டு வலது பக்கத்துக்கான கிடங்காக்குங்கள். பூஜ்யம் இல்லையென்றால் எதையும் புதிதாக அதில் எழுத வேண்டாம். ஆனியிலும் ஐப்பசியிலும் இங்கே சுவரே வியர்க்கும். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, மாட்டி, இரண்டு ஃபைலைத் திறந்து பாருங்கள்.